60 மாத ஒப்பந்தம், 4 மணி நேர பேட்டரி: வீட்டு அலாரம் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வீட்டுப் பாதுகாப்பு அலாரம் விற்கும் நிறுவனங்களுக்கும், அவற்றுக்காக வீடு வீடாகப் போகும் முகவர்களுக்கும், சிக்னல் வாங்கும் கண்காணிப்பு நிலையங்களுக்கும்,

வணக்கம்.

நாங்கள் அலாரம் பொருத்துகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள். நீங்கள் மாட்டிவிட்டுப் போன பேனல் பெட்டியை, அதாவது சென்சார்களையெல்லாம் இணைக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டியை, பிறகு திறப்பது நாங்கள்தான். வீட்டுக்காரர் அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டும் ஒப்பந்தத்தின் பின்பக்கத்தைப் படித்துச் சொல்வதும் பெரும்பாலும் நாங்கள்தான். அந்தப் பெட்டியும் அந்தத் தாளும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருப்பதைப் பற்றித்தான் இந்த மடல்.

வீட்டுக்காரர் அலாரம் வாங்கியதாக நினைத்துக்கொண்டிருக்கிறார். அவர் கையெழுத்துப் போட்டிருப்பதோ ஐந்து வருடக் கடன் பத்திரத்துக்கு நிகரான ஒரு தாளில். மறைமுகச் செலவுகள், அவசர விற்பனை, அரைகுறைப் பொருத்துதல் என்று இந்தத் தொழிலைப் பற்றி மக்கள் சொல்லும் குறைகள் பலவும் அந்த ஒரு முரணிலிருந்து பிறக்கின்றன.

பணம் எப்படி ஓடுகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். உங்களுக்கு இது தெரியும், வாடிக்கையாளருக்குத் தெரியாது. முகவர் ஒரு வீட்டில் ஒப்பந்தத்தை முடித்ததும் அதைக் கண்காணிப்பு நிறுவனத்துக்கு விற்றுவிடுகிறார். விலை மாதக் கட்டணத்தின் மடங்காகப் பேசப்படுகிறது. 30 மடங்கைத் தாண்டுவதும் உண்டு. மாதக் கட்டணம் 100 என்று வைத்துக்கொண்டால், அந்த ஒரு கையெழுத்துக்கு 3000 கைமாறுகிறது. ‘இலவசம்’ என்று கொடுத்த பேனல், கீபேட், மூன்று கதவு சென்சார், ஒரு மோஷன் சென்சார், சைரன் எல்லாம் இந்த 3000-க்குள் அடக்கம். ஒப்பந்தத்தை வாங்கிய நிறுவனம் போட்ட பணத்தை எடுக்கவே 30 மாதத்துக்கு மேல் ஆகும். ஆகவே 36 மாதம், 60 மாதம் என்று நீளம். முதல் 12 மாதத்துக்குள் வாடிக்கையாளர் விலகினால் கொடுத்த தொகையை முகவரிடமிருந்தே திரும்பப் பிடிக்கும் விதி பல விற்பனைத் திட்டங்களில் இருக்கிறது. 13ஆம் மாதத்திலிருந்து அந்த வீட்டின் பேனல் வேலை செய்கிறதா இல்லையா என்பதால் முகவருக்கு லாபமும் இல்லை, நட்டமும் இல்லை. வீட்டில் எத்தனை ஜன்னல் என்று கேட்காமலே முகவர் படிவத்தை நீட்டுவதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இனி வீட்டுக்காரர் பக்கத்துக் கணக்கு. அதே 100, அதே 60 மாதம். மனக்கணக்கில் 6000 வருகிறது. ஆனால் சிறிய எழுத்தில், ஆண்டுக்கு இத்தனை விழுக்காடு வரை கட்டணத்தை உயர்த்தலாம் என்று ஒரு வரி இருக்கும். அது 5 விழுக்காடாக இருந்து ஆண்டுதோறும் உயர்த்தினால் மொத்தம் 6631. 9 விழுக்காடாக இருந்தால் 7182. இதற்கு மேல் இணைப்புக் கட்டணம். கைப்பேசி வலையமைப்பு வழியாகச் சிக்னல் அனுப்பும் செல் கம்யூனிகேட்டருக்குத் தனிக் கட்டணம். கைப்பேசிச் செயலிக்கும் கேமரா பதிவைச் சேமிப்பதற்கும் தனித்தனிச் சந்தா. பழுது பார்க்க ஆள் வந்தால் வருகைக் கட்டணம், கழற்றி மாட்டிய பொருளுக்கு வேறு. அலாரம் வைக்க உள்ளூர் அனுமதி வேண்டிய இடங்களில் அதற்கும், பொய் அலாரத்துக்கு அபராதம் விதிக்கும் இடங்களில் அதற்கும் வீட்டுக்காரரே பொறுப்பு. இவற்றில் எதுவுமே சட்டவிரோதம் இல்லை. ஆனால் இவை எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதிய ஒரு ஒப்பந்தத்தைக்கூட நாங்கள் பார்த்ததில்லை.

வெளியேறும் வழி இன்னும் குறுகல். 20ஆம் மாத முடிவில் வேறு ஊருக்குப் போகிறவருக்கு 40 மாதம் மீதி. மீதித் தொகையில் 80 விழுக்காடு கட்ட வேண்டும் என்று விதி இருந்தால், இனி ஒரு நாளும் பயன்படுத்தப் போகாத அலாரத்துக்கு 3200. முழு 60 மாதமும் கட்டி முடித்தவருக்கும் விடுதலை தானாக வருவதில்லை. முடிவுத் தேதிக்கு 30 அல்லது 60 நாள் முன்பே எழுத்து மூலம் அறிவிக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்னொரு ஆண்டுக்குத் தானாகப் புதுப்பிக்கப்படும் என்று ஒரு விதி. அந்தத் தேதியை நினைவூட்ட உங்களால் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடியும். கட்டணம் கட்டத் தவறினால் மறுநாளே அனுப்புகிறீர்களே!

பொறுப்பு வரம்பு விதியைப் பற்றி விற்பனையின்போது யாரும் வாய் திறப்பதில்லை. அலாரம் அடிக்காமல் திருட்டு நடந்தாலும் நிறுவனத்தின் பொறுப்பு ஒரு சிறு தொகையோடு, சில ஒப்பந்தங்களில் சில மாதக் கட்டணத்தோடு, நின்றுவிடும் என்று அது சொல்கிறது. வழக்குத் தொடரும் கால அவகாசத்தைச் சுருக்கும் விதியும் பல நேரம் பக்கத்திலேயே இருக்கும். அலாரம் என்பது காப்பீடு ஆகாது என்ற உங்கள் வாதம் நியாயமானதுதான். அப்படியென்றால் வாசலில் நிற்கிற முகவரும் அதையே சொல்ல வேண்டும். ‘காப்பீட்டில் கிடைக்கும் தள்ளுபடியே இதன் செலவை ஈடுகட்டிவிடும்’ என்று அவர் சொல்லக் கூடாது. தள்ளுபடி எவ்வளவு, அதற்கு எந்தச் சான்றிதழ் வேண்டும் என்பதைக் காப்பீட்டு நிறுவனம்தான் சொல்ல முடியும்.

வாசல் விற்பனைக்கு வருவோம். முற்றத்தில் வேறு நிறுவனத்தின் பெயர்ப்பலகை இருக்கிற வீட்டைத் தேடிப் போவது பழைய உத்தி. ‘உங்கள் சிஸ்டத்தைப் புதுப்பிக்க வந்திருக்கிறோம்’, ‘உங்கள் நிறுவனத்தை நாங்கள் வாங்கிவிட்டோம்’, ‘உங்கள் பேனல் இனி வேலை செய்யாது’ என்று சொல்லி உள்ளே வந்து, பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடுகிறார்கள். பழைய ஒப்பந்தம் அப்படியே உயிரோடு இருக்கும். வீட்டுக்காரர் இரண்டு பில் கட்டுவார். வாய்வழிப் புகாராக மட்டும் இதைச் சொல்லவில்லை. அமெரிக்காவில் விவின்ட் என்ற அலார நிறுவனத்தின் முகவர்கள் இப்படித் தவறான தகவல் சொல்லித் தன்னுடைய வாடிக்கையாளர்களை இழுத்தார்கள் என்று வட கரோலினாவின் போட்டி நிறுவனம் ஒன்று தொடுத்த வழக்கில், 2023-ல் நீதிமன்ற நடுவர் குழு (ஜூரி) சுமார் 19 கோடி டாலர் கொடுக்கும்படி தீர்ப்பளித்தது. அதே நிறுவனம் 2021 ஏப்ரலில் அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையத்துக்கு 2 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. கடன் தகுதி இல்லாதவர்களுக்கு ஒப்பந்தம் போட, அதே பெயரோ அதைப் போன்ற பெயரோ உள்ள வேறொருவரின் கடன் வரலாற்றை முகவர்கள் பயன்படுத்தினார்கள் என்பது அங்கே குற்றச்சாட்டு. அதே ஆணையம் 2014-ல் ஏடிடி என்ற அலார நிறுவனத்தின் மீதும் நடவடிக்கை எடுத்தது; பணம் வாங்கிக்கொண்டவர்களைச் சார்பற்ற நிபுணர்களைப் போலத் தொலைக்காட்சியில் பேச வைத்தார்கள் என்பதற்காக.

அந்த நாட்டு விதிப்படி, வாசலில் விற்ற பொருளை மூன்றாவது வேலை நாள் நள்ளிரவு வரை ரத்து செய்யலாம். ரத்துப் படிவத்தின் இரண்டு பிரதிகளை விற்பவரே கொடுக்க வேண்டும். நல்ல விதி. அதைச் செல்லாக்காசாக்கும் வழியும் உங்களிடம் இருக்கிறது: கையெழுத்தான அதே மாலையில் பொருத்தி முடிப்பது. கதவு நிலையில் துளை விழுந்து, பழைய கீபேட் குப்பைக்குப் போய், குழந்தைகள் புதிய திரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, ‘வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள்’ என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்?

அவசரமாக மாட்டியதில் என்ன கெடுகிறது என்பதைப் பெட்டிக்குள்ளிருந்தே காட்டுகிறோம். வயர் இழுத்த சிஸ்டங்களில் பேனலிலிருந்து சென்சாருக்குப் போய்த் திரும்பும் ஒவ்வொரு வயர் வளையத்தின் முடிவிலும் ஒரு ரெசிஸ்டர், அதாவது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு சிறு பாகம், இருக்க வேண்டும். பேனலைப் பொறுத்து 1 கிலோஓம், 2.2 கிலோஓம், 5.6 கிலோஓம் என்று மதிப்பு மாறும். அதன் இடம் சென்சாருக்குள். அங்கே இருந்தால்தான் வழியில் யாராவது இரண்டு வயரையும் சேர்த்து ஷார்ட் செய்தால் பேனலுக்குத் தெரியும். ஏணி ஏறி ஒவ்வொரு சென்சாரையும் திறக்க நேரமில்லாதவர், எல்லா ரெசிஸ்டர்களையும் பேனல் பெட்டிக்குள்ளேயே முறுக்கிவிட்டுப் போகிறார். விளக்கு பச்சையாக எரியும், சோதனையில் அலாரமும் அடிக்கும். ஆனால் வயரை ஷார்ட் செய்துவிட்டால் கதவைத் திறந்தாலும் பேனல் அசையாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு மல்டிமீட்டர் போதும். கண்காணிப்பு நிலையத்திடம் சொல்லி அந்தக் கணக்கைச் சோதனை நிலையில் வைத்துவிட்டு, கதவை மூடி, பேனலிலிருந்தும் பெட்டிக்குள் முறுக்கியிருக்கும் எதிலிருந்தும் அந்த வளையத்தின் இரண்டு வயரையும் கழற்றி அளக்க வேண்டும். ரெசிஸ்டரின் மதிப்பு காட்டினால் சரி. பூஜ்யத்தை ஒட்டிய சில ஓம் மட்டும் காட்டினால் ரெசிஸ்டர் பெட்டிக்குள்தான் இருக்கிறது.

கதவு சென்சாரின் காந்தமும், அந்தக் காந்தத்தால் இயங்கும் ரீட் சுவிட்சும் நெருக்கமாக, நேருக்கு நேர் இருக்க வேண்டும். இரும்புக் கதவில் சாதாரணக் காந்தத்தின் வீச்சு பாதியாகக்கூடச் சுருங்கலாம். அதற்கென அகல இடைவெளி வகை இருக்கிறது. இலவசப் பெட்டியில் அது இருப்பதில்லை. காந்த வீச்சின் எல்லையில் மாட்டிய சென்சார், காற்றில் கதவு லேசாக ஆடினாலும் பொய் அலாரம் கொடுக்கும். மோஷன் சென்சாரைத் தரையிலிருந்து 2.1 முதல் 2.4 மீட்டர் உயரத்தில், அறையின் மூலையில், ஆள் குறுக்காக நடக்கும் திசையைப் பார்த்து மாட்ட வேண்டும். ஏசியின் காற்று நேராகப் படும் இடத்திலும் வெயில் விழும் ஜன்னலை நோக்கியும் மாட்டவே கூடாது. ஒரே ஒரு மோஷன் சென்சாரை வைத்து முழு வீட்டையும் ‘கவர்’ செய்துவிட்டோம் என்பது பொய். அந்தப் பொய்யின் மறுபக்கம்தான், பேனலை மாட்டியபிறகு ‘இந்த ஜன்னலுக்கும் ஒன்று வேண்டுமே’ என்று சென்சார் சென்சாராகச் சேர்த்து மாதக் கட்டணத்தை ஏற்றுவது.

பேட்டரி விஷயம் எங்களை மிகவும் உறுத்துகிறது. வீட்டுத் திருட்டு அலாரத்துக்கான அமெரிக்காவின் யூஎல் 1023 தரம் கேட்பது, மின்சாரம் போன பிறகு 4 மணி நேரத் தாங்கல். ஐரோப்பாவின் ஈஎன் 50131, வீடுகளுக்குரிய 2ஆம் நிலைக்கு 12 மணி நேரம் கேட்கிறது. அமெரிக்காவில் தீ எச்சரிக்கையும் சேர்ந்தால் 24 மணி நேரம். இப்போது உங்கள் பெட்டியின் கணக்கு: பேனல் 120 மில்லிஆம்பியர், இரண்டு கீபேட் 120, நான்கு மோஷன் சென்சார் 60, செல் கம்யூனிகேட்டர் 100, மொத்தம் 400. 7 ஆம்பியர்-மணி பேட்டரி புதிதாக இருந்தால் 17 மணி நேரம் வரும். 4 ஆம்பியர்-மணி பேட்டரி வைத்தால் 10. மூன்று நான்கு வருடம் ஓடி, கொள்ளளவு பாதியாகிவிட்டால் 5. ‘மின்சாரம் போனாலும் பாதுகாப்பு’ என்று விற்றபோது இந்த எண்ணைச் சொன்னீர்களா? லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் 3 முதல் 5 வருடம். 60 மாத ஒப்பந்தத்தில் ஒரு முறையாவது மாற்ற வேண்டிவரும் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். அதை ஏன் பழுதுபார்ப்பு வருகையாகக் கணக்கு வைக்கிறீர்கள்? வயர்லெஸ் சென்சார்களிலும் இதே கதை. 15 சென்சார் என்றால் 15 லித்தியம் பேட்டரி, சிஆர்123ஏ வகையோ நாணய வகையோ. மூடியைத் திறந்து வீட்டுக்காரரே மாற்றலாம். பேட்டரியின் பெயரைச் சென்சாரின் உள்பக்கம் எழுதி ஒட்டினால் போதும்.

அடுத்தது இன்ஸ்டாலர் கோட், அதாவது பேனலின் உள் அமைப்பை மாற்றப் பொருத்துகிறவர் பயன்படுத்தும் ரகசிய எண். இதில் நாங்கள் கடுமையாகவே பேசுகிறோம். ஒப்பந்தம் முடிந்து, பேனல் வீட்டுக்காரருக்கே சொந்தம் என்று தாளில் இருந்தும், அதை வேறு நிறுவனத்தோடு இணைக்க முடியாதபடி கோட் எண்ணை மாற்றி, தொழிற்சாலை அமைப்புக்குத் திரும்பும் வழியையும் பூட்டிவிடுகிறீர்கள். சில பேனல்களில் இந்தப் பூட்டு போட்டிருந்தால் மின்சாரம் கொடுத்த உடனே உள்ளே ரிலே டக் டக்கென்று அடித்துக் காட்டும். அந்தச் சத்தம் கேட்டால், நல்ல நிலையில் இருக்கிற பேனலைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியது வாங்கச் சொல்வதைத் தவிர எங்களுக்கு வழியில்லை. யானையை விற்றவர் அங்குசத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ளலாமா? ஒப்பந்தம் நடக்கும்வரை கோட் எண்ணை நீங்கள் வைத்திருப்பதில் நியாயம் உண்டு. யாரோ உள்ளே புகுந்து அமைப்பை மாற்றிவிட்டால் பழி உங்கள் மேல் விழும். முடிந்த பிறகு அந்தக் காரணம் இல்லை. முடிந்த நாளிலிருந்து 7 நாளுக்குள் கோட் எண்ணைத் தொழிற்சாலை எண்ணுக்கு மாற்றி, தொலைவிலிருந்து நுழையும் உங்கள் வசதியை நீக்கி, எந்த எண்ணில் எந்த சென்சார் என்ற பட்டியலைக் கொடுங்கள். வழக்கமான தொலைநிலை இணைப்பு இருந்தால் இது பத்து நிமிட வேலை.

கண்காணிப்பு நிலையங்களுக்குத் தனியே சொல்ல வேண்டியது இது. அமெரிக்கக் கைப்பேசிச் சேவை நிறுவனங்களான ஏடி அண்ட் டி 2022 பிப்ரவரி 22 அன்றும், வெரைசான் அதே ஆண்டின் கடைசி நாளிலும் 3ஜி சேவையை நிறுத்தின. அதை நம்பியிருந்த அலாரக் கம்யூனிகேட்டர்கள் ஊமையாயின. நிறுத்தத் தேதி நெடுநாள் முன்பே தெரிந்தது. ஆனால் எந்த ரேடியோ இருந்தாலும், எந்த நாட்டில் இருந்தாலும், இணைப்பு செத்த வீட்டைக் கண்டுபிடிக்க ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. கான்டாக்ட் ஐடி என்ற அலாரக் குறியீட்டு முறையில் பேனல் அவ்வப்போது 602 என்ற சோதனைக் குறியை அனுப்பும். 301 என்றால் மின்சாரம் போயிற்று, 302 என்றால் பேட்டரி தளர்ந்தது, 384 என்றால் வயர்லெஸ் சென்சாரின் பேட்டரி தளர்ந்தது. இவை உங்கள் திரையில் வருகின்றன. 602 வர வேண்டிய நேரத்தில் வராவிட்டால் அதுவே ஒரு செய்தி. பல கணக்குகளில் சோதனைக் குறி மாதம் ஒரு முறை என்று அமைத்திருக்கிறது. வராததைக் கவனிக்கும் வசதியே அணைத்திருப்பதும் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் தொடர்பு அறுந்து மாதக்கணக்கானாலும் பில் மட்டும் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். சோதனைக் குறி நாளுக்கு ஒரு முறை வர வேண்டும். இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் வீட்டுக்காரருக்கு அழைப்பு போக வேண்டும். சிக்னல் வராத நாட்களுக்குக் கட்டணம் வாங்கக் கூடாது.

‘போலீஸோடு நேரடி இணைப்பு’ என்ற சொல்லையும் விற்பனையிலிருந்து எடுத்துவிடுங்கள். வழக்கமாக நடப்பது வேறு: கதவு திறந்ததும் நுழைவு அவகாசம், பொய் அலாரத்தைக் குறைக்க அமெரிக்காவில் வகுத்த எஸ்ஐஏ சிபி-01 தரப்படி குறைந்தது 30 விநாடி. பிறகு அலாரத்தை ரத்து செய்யும் இடைவெளி, 15 முதல் 45 விநாடி. அதன்பின் சிக்னல் நிலையத்துக்குப் போகும். நிலையத்தில் இருப்பவர் வீட்டுக்கு அழைப்பார், எடுக்காவிட்டால் இரண்டாவது எண்ணுக்கு அழைப்பார், அதற்குப் பிறகுதான் காவல்துறை. இந்தத் தாமதங்கள் தேவையானவை. அமெரிக்க நீதித்துறையின் வழிகாட்டி ஒன்று, போலீஸுக்குப் போகும் திருட்டு அலார அழைப்புகளில் 94 முதல் 98 விழுக்காடு வரை பொய் அலாரம் என்கிறது. சால்ட் லேக் சிட்டி 2000 டிசம்பரிலிருந்து, யாராவது நேரில் பார்த்து உறுதி செய்தால்தான் போலீஸ் வரும் என்ற முறைக்கு மாறியது. அப்படிப்பட்ட ஊரில் அலாரம் வாங்குகிறவருக்கு, யார் போய்ப் பார்ப்பார்கள், அதற்கு எவ்வளவு என்பது கையெழுத்துக்கு முன்பே தெரிய வேண்டும்.

நாங்கள் கேட்பது ஒரே ஒரு தாள். ஒப்பந்தத்தின் முதல் பக்கமாக அது இருக்கட்டும், எழுத்து மற்றப் பக்கங்களின் அளவிலேயே இருக்கட்டும். அதிகபட்சக் கட்டண உயர்வையும் சேர்த்து முழுக் காலத்துக்கும் ஆகும் மொத்தத் தொகை. ஒப்பந்தம் முடியும் தேதி, விலக அறிவிக்க வேண்டிய கடைசித் தேதி, நாள் மாதம் ஆண்டோடு. 12ஆம், 24ஆம், 36ஆம் மாதத்தில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, எண்ணில். பேனல் யாருக்குச் சொந்தம், கோட் எப்போது கைக்கு வரும். மின்சாரம் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும், பேட்டரி மாற்றும் செலவு யாருடையது. காக்கப்படாத கதவு, ஜன்னல்களின் பட்டியல். சோதனைக் குறி எத்தனை மணிக்கு ஒரு முறை. உங்கள் பொறுப்பின் வரம்பு, அதே தாளில், அதே அளவு எழுத்தில்.

இதை நிரப்ப முகவருக்கு அரை மணி நேரம் பிடிக்கும். வீட்டைச் சுற்றி நடக்க வேண்டிவரும், ஜன்னல்களை எண்ண வேண்டிவரும். நிரப்பிய தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போகட்டும். ரத்து செய்யும் மூன்று வேலை நாள் முடியும்வரை துளை போடும் இயந்திரம் வண்டியிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
அலாரம் பொருத்தும், பழுது பார்க்கும் பணியாளர்கள்